நண்டுத் தசைநாரிலிருந்து வெளியேறும் சோடியத்தை அளப்பது எப்படி

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கதை மனப்பாடம். தூண்டல் வருகிறது, சோடியக் கால்வாய் திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, பிறகு பம்பி அதை வெளியே தள்ளுகிறது. நரம்புக்கு அது சரி. நண்டின் தசைநாருக்கு, அதாவது தசையின் தனி இழைக்கு, அந்தக் கதையின் முதற்பாதி பொருந்தாது. 1953 இல் போல் ஃபாட்டும் பேர்னாட் காட்ஸும் நண்டுக் கால் தசையை ஆராய்ந்தபோது, வெளிக்கரைசலில் சோடியத்தை எடுத்துவிட்டுக் கோலின் என்ற வேறு நேரயனை இட்ட பின்னரும் மின்துடிப்பு எழுந்தது. துடிப்பைத் தூக்குவது கல்சியம் என்பதை 1958 இல் ஃபாட்டும் கின்ஸ்போர்க்கும் நண்டின் உறவான கிரேஃபிஷின் தசையில் காட்டினார்கள்.

அப்படியானால் சோடியத்துக்கு அங்கே என்ன வேலை? வேலை நிறைய இருக்கிறது. ஓய்வு நிலையிலேயே அது மென்சவ்வினூடாகச் சிறிது சிறிதாகக் கசிந்து உள்ளே வருகிறது. நரம்பு முனையிலிருந்து தசையைத் தூண்டும் குளூற்றமேற்று வெளிப்படும்போது திறக்கும் கால்வாய்கள் வழியாக வருகிறது. உள்ளே மிகுந்துவிட்ட கல்சியத்தை வெளியேற்றும் மாற்றி, ஒரு கல்சிய அயனுக்கு மூன்று சோடிய அயன்களை உள்ளே விடுகிறது. இப்படி வந்ததையெல்லாம் வெளியேற்ற வேண்டியது பம்பியின் பாடு: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே, செலவு, கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரி.பி ஒன்று. அந்தப் பம்பியை ஜென்ஸ் ஸ்கோ 1957 இல் இனங்கண்டதும் கரையோர நண்டின் கால் நரம்பில்தான். நோபல் பரிசு அவரைத் தேடி வர 1997 ஆகிவிட்டது.

நான் விலங்கியல் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நண்டின் நார்க்கட்டைச் சோடியமற்ற கரைசலில் இட்டு, அதிலிருந்து வெளியேறும் சோடியத்தை அளக்கும் சோதனையை இறுதியாண்டு ஆய்வுக்காக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லித் தொண்டை வறள்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான். சோடியத்தை அளக்க, கரைசலைச் சுவாலையில் தெளித்து அதன் ஒளியை அளக்கும் சுவாலை ஒளிமானி ஒன்று போதும். அளந்த சோடியம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்குத்தான் கெட்டித்தனம் வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

நண்டு

உயிருள்ள சேற்று நண்டு வேண்டும். ஐஸில் கிடக்கும் நீலக்கால் நண்டு மலிவு, ஆனால் செத்த தசையில் பம்பி ஓடாது. பேலியகொடை மீன் சந்தைக்கு விடியுமுன் போங்கள், அல்லது நீர்கொழும்புப் பக்கம் ஒரு வியாபாரியைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உருப்படிகள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடும். ஒரு கொடுக்கு இழந்த நண்டை ஏற்றுமதிக்காரர் ஒதுக்கிவிடுவார்கள், அதனால் விலை இறங்கும். நமக்குத் தேவை நடக்கும் கால்கள், கொடுக்கு இல்லாவிட்டால் என்ன? ஓட்டின் அடிப்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. தசை நீர்த்துப் போயிருக்கும், வாங்க வேண்டாம். நிலாக்காலத்து நண்டில் சதை இராது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அதை நம்பிப் பஞ்சாங்கம் பார்த்ததில்லை, ஓட்டை அழுத்திப் பார்ப்பதோடு சரி. சினை நண்டை விட்டுவிடுங்கள்.

சேற்று நண்டு களப்புக்காரன். உவர்ப்புக் குறைந்த நீரில் வாழ்ந்ததென்றால் அதன் குருதியிலும் உப்புக் குறைவாக இருக்கும். அந்தத் தசையை நேரே கடலளவு உப்புள்ள கரைசலில் இட்டால் நார் சுருங்கி, முதல் அரை மணி நேர அளவீடுகள் எல்லாம் நீர் இழப்பைத்தான் காட்டும். ஆகவே சில நாட்கள் கடல்நீரில் வைத்து வளருங்கள். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்தில் நீர் எடுக்காதீர்கள். கல்கிசைப் பக்கம் போய், மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள்.

கரைசல்கள்

சாதாரணக் கரைசலுக்கு ஒரு லீற்றரில் சோடியம் குளோரைட்டு 25.7 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.82, நீரேறிய கல்சியம் குளோரைட்டு 1.91, நீரேறிய மகனீசியம் குளோரைட்டு 5.29, பீஎச்சை நிலைநிறுத்தும் டிரிஸ் 1.21. மில்லிமூலில் சொன்னால் முறையே 440, 11, 13, 26, 10. பீஎச் 7.4 க்குக் கொண்டுவர ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். அளவு மீறி இறங்கிவிட்டால் திருப்பி ஏற்றுவதற்கு டிரிஸ் கரைசலையே பயன்படுத்துங்கள். சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலை இந்தச் சோதனை முடியும்வரை அலுமாரியில் பூட்டி வையுங்கள். பழக்கதோஷத்தில் கை அங்கேதான் போகும்.

சோடியமற்ற கரைசலில் சோடியம் குளோரைட்டுக்குப் பதிலாகக் கோலின் குளோரைட்டு 61.4 கிராம். மற்றவை அப்படியே. கொழும்பின் ஈரப்பதத்தில் கோலின் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்தால் தூள் பாகாகிவிட்டிருக்கும். அப்புறம் நிறுப்பதற்குப் பொருளில்லை, பாதி தண்ணீரை நிறுப்பீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தியில் வைத்து, மூடியைத் திறந்ததும் நிறுத்து, உடனே மூடுங்கள்.

கோலினுக்குப் பதில் இலிதியம் ஏன் கூடாது என்று கேட்பார்கள். இரண்டு காரணங்கள். இலிதியம் சோடியத்தைப் போல உள்ளே நுழையும், ஆனால் பம்பி அதைச் சரியாக வெளியேற்றாது. அதனால் நாருக்குள் நிலைமையே மாறிவிடும். இரண்டாவது, சில சுவாலை ஒளிமானிகள் இலிதியத்தை உள்நியமமாக, அதாவது ஒப்பிடும் அளவாக, வைத்துத்தான் அளக்கின்றன. அந்த இயந்திரத்துக்கு இலிதியக் கரைசலைக் கொடுத்தால் என்ன எண் வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

எதிரி எங்கும் இருக்கிறான்

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. நூறு மில்லிகிராம் எடையுள்ள நார்க்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாருக்குள் கிலோவுக்கு 50 மில்லிமூல் அளவில் சோடியம் இருப்பதாக வைத்தால், கட்டில் மொத்தம் 5 மைக்குரோமூல். நிமிடத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு வெளியேறினால், ஐந்து நிமிடத்தில் கால் மைக்குரோமூல். அதை 2 மில்லிலீற்றர் கரைசலில் பிடித்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிகிராம் சோடியம் என்று வரும். ஒளிமானிக்கு இது வசதியான அளவுதான்.

ஆனால் ஒரு மைக்குரோலீற்றர் கடல்நீரில் கிட்டத்தட்ட 0.47 மைக்குரோமூல் சோடியம் இருக்கிறது. அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிதறல், உங்கள் ஐந்து நிமிடத் தசை வேலையைப் போல் இருமடங்கு. வியர்த்த விரலால் குழாயின் விளிம்பைத் தொட்டால் முடிந்தது கதை. கடலோர மரைன் டிரைவ் பக்கத்துக் கட்டடங்களில் ஜன்னல் கம்பி ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது என்று தெரியும்தானே? அதே காற்று உங்கள் திறந்த குழாய்களுக்குள்ளும் இறங்குகிறது. ஜன்னலை அடையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்வையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், நெற்றியில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குழாய் வேண்டாம். சாதாரணக் கண்ணாடியிலிருந்தே சோடியம் கரைந்து வரும். பொலித்தீன் குழாய்களை ஐதான நைத்திரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, கவிழ்த்து, மூடி வையுங்கள். தூள் தடவிய கையுறை கூடாது. கோலின் குளோரைட்டிலும் சிறிது சோடியம் மாசாக இருக்கும். எடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட உங்கள் கரைசலில் லீற்றருக்கு ஆறு மில்லிகிராம். தசை விடுவதைவிட அது கூட. ஆகவே வெறும் கரைசலை நிரப்பிய குழாய்கள் சிலவற்றைத் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் வைத்து அளந்து கழிக்க வேண்டும். புதுப் போத்தல் திறந்தால் புதிதாக அளக்க வேண்டும். இதைச் சோம்பலில் விடுகிறவர்களின் வரைபு எப்போதும் அழகாகவும் எப்போதும் பிழையாகவும் இருக்கும்.

நார்க்கட்டைப் பிரித்தல்

நண்டை அரை மணி நேரம் ஐஸ் துகளில் புதைத்து மரக்கச் செய்யுங்கள். பிறகு நடக்கும் காலின் நீண்ட கணுவை இடுக்கியால் இறுக்கிப் பிடித்தால், பெரும்பாலும் நண்டு தானே அடிமூட்டில் காலைக் கழற்றிவிடும். அந்த இடத்தில் காயம் தானே அடைபடும், நண்டும் பிழைக்கும். மிகவும் குளிர்ந்துவிட்டால் கழற்றாது. அப்போது சற்று வெளியே வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

அந்த நீண்ட கணுவை இரு பக்கமும் நெடுக வெட்டித் திறந்தால் நடுவே ஒரு வெள்ளைத் தகடு ஓடுவது தெரியும். நண்டு சாப்பிடும்போது பல்லிடுக்கில் மாட்டுமே, அதே தகடுதான். நார்கள் அதிலிருந்து இரு பக்கமும் சாய்ந்து போய் ஓட்டில் ஒட்டியிருக்கும். தகட்டின் சிறு துண்டு ஒரு முனையிலும் ஓட்டின் சிறு துண்டு மறுமுனையிலும் இருக்க, நடுவில் நார்க்கட்டு முழுதாக இருக்க வேண்டும். நாரை ஒருபோதும் இடுக்கியால் பிடிக்கக் கூடாது. பிடிப்பது தகட்டை அல்லது ஓட்டை மட்டும். வேலை முழுவதும் சாதாரணக் கரைசலுக்குள்ளேயே நடக்கட்டும்.

பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பாருங்கள். நல்ல நார் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அடிபட்டது பால்நிறமாகத் திரண்டுவிடும். திரண்ட நார் ஒன்றிரண்டு என்றால் கத்தரித்து எடுங்கள், பல என்றால் அடுத்த காலுக்குப் போங்கள். நண்டுக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன.

ஓட்டுத் துண்டு ஒரு தொல்லை. அது நுண்துளைகள் நிறைந்தது, சோடியத்தை மணிக்கணக்கில் கசியவிடும். அதை முடிந்தவரை சிறிதாகச் சீவுங்கள். அதே அளவில் தசை சுரண்டிய வெறும் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, நார்க்கட்டுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் பக்கத்தில் செய்யுங்கள். அது விட்ட அளவைக் கழித்தால்தான் தசையின் அளவு தெரியும்.

கழுவும் வரிசை

நார்க்கட்டை அரை மணி நேரம் சாதாரணக் கரைசலில் ஓய்வெடுக்க விட்டு, கழுவிய நைலோன் நூலில் தொங்கவிடுங்கள். முதலில் ஒரு பெரிய முகவையிலுள்ள கோலின் கரைசலில் சில வினாடிகள் அமிழ்த்தி எடுங்கள். அந்தக் கரைசல் வீண், ஊற்றிவிடலாம். பிறகு 2 மில்லிலீற்றர் குழாய்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். முதற் சில குழாய்களில் ஒவ்வொரு நிமிடம், அடுத்து இரண்டிரண்டு நிமிடம், அப்புறம் ஐந்தைந்து நிமிடம். மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் நாரைச் சுற்றி ஒரு அசையாத நீர்ப்படலம் நின்றுவிடும்.

முடிவில் கட்டைச் சாம்பலற்ற வடிதாளில் ஒற்றி, நிறுத்து, செறிந்த நைத்திரிக் அமிலத்தில் புகைப்போக்கியின் கீழ் கரையுங்கள். அதில் எஞ்சிய சோடியத்தை அளந்தபின் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். எஞ்சியதோடு கடைசிக் குழாயின் சோடியத்தைக் கூட்டினால் கடைசிக் குழாய்க்குள் போகும்போது இருந்த அளவு வரும். அதற்கு முந்திய குழாயையும் கூட்டினால் அதற்கு முன் இருந்த அளவு. இப்படியே பூச்சியம்வரை ஏறிப் போய், நேரத்துக்கு எதிரே மடக்கையில் வரையுங்கள்.

வரைபு ஒரே நேர்கோடாக வராது. முதலில் செங்குத்தாக விழும், பிறகு சாய்வு குறையும். அந்தச் செங்குத்தைப் பார்த்துப் பம்பி மகா வேகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது நாருக்குள் இருந்த சோடியமே இல்லை. நண்டுத் தசைநாரின் மென்சவ்வு வழவழப்பான உருளை அல்ல, ஆழமான பிளவுகளாகவும் நுண்குழாய்களாகவும் உள்ளே மடிந்து போகிறது. கட்டின் எடையில் பத்திலொரு பங்கு இப்படியான வெளி இடம் என்று வைத்தாலும், 10 மைக்குரோலீற்றரில் 4.4 மைக்குரோமூல் சோடியம் இருக்கிறது. நாருக்குள் உள்ள 5 மைக்குரோமூலுக்குக் கிட்டத்தட்டச் சமம்! அது பரவி வெளியேறச் சில நிமிடங்கள் பிடிக்கும், மடிப்புகளின் ஆழத்தில் உள்ளது இன்னும் தாமதிக்கும். ஆகவே சுமார் இருபது நிமிடத்துக்குப் பின்னுள்ள நேர்ப்பகுதியை மட்டும் எடுத்து, அளவுகோலால் பூச்சிய நேரம்வரை பின்னால் நீட்டுங்கள். கோடு அச்சைத் தொடும் இடம் நாருக்குள் இருந்த சோடியத்தின் அளவு. சாய்விலிருந்து வீத மாறிலி கிடைக்கும். 0.693 ஐ அதனால் வகுத்தால் அரைவாசி வெளியேறும் நேரம். நிமிடத்துக்கு 0.01 என்றால் 69 நிமிடம்.

நீண்ட நேரம் ஓடவிட்டால் நேர்ப்பகுதியும் மெல்ல வளையும். உள்ளே சோடியம் குறையக் குறையப் பம்பியின் வேகமும் தளர்ந்துவிடும். அந்த வளைவைக் கோடாக்க முயல வேண்டாம்.

யார் வெளியேற்றினார்?

மென்சவ்வினூடாகத்தான் வந்தது என்று தெரிந்த பின்னும் வழி எது என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு வரிசையின் பாதியில், நேர்ப்பகுதி உறுதியான பிறகு, பம்பியை அடைக்கும் ஊவாபேயின் கலந்த குழாய்களுக்கு மாறுங்கள். லீற்றருக்கு 0.1 மில்லிமூல் போதும், 100 மில்லிலீற்றருக்கு 7.3 மில்லிகிராம். சாய்வு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் பம்பியின் பங்கு. அதே கட்டே தனக்குத்தானே கட்டுப்பாடு என்பதால் நண்டுக்கு நண்டு வேறுபாடு குறுக்கே வராது. ஊவாபேயின் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. முகமூடி, கையுறையோடு எடை போட்டு, எஞ்சியதைத் தனிப் போத்தலில் சேர்த்து, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

விலை கட்டுப்படியாகாவிட்டால் பொற்றாசியமில்லாத கரைசல் பம்பியை மந்தமாக்கும், ஆனால் முழுக்க நிறுத்தாது. நாரிலிருந்து கசியும் பொற்றாசியம் பிளவுகளில் தேங்கி நின்று பம்பிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். ஐஸில் வைத்த குழாய்கள் அதைவிட மலிவு. ஆனால் குளிர் எல்லா வழிகளையும் மந்தமாக்குவதால் பம்பியை மட்டும் பிரித்துக் காட்டாது.

ஊவாபேயினுக்குப் பின்னும் சோடியம் வெளியேறிக்கொண்டிருந்தால் கலவரப்பட வேண்டாம். வெளியே சோடியமே இல்லாதபோது கல்சிய மாற்றி தலைகீழாக ஓடும். சோடியம் வெளியே, கல்சியம் உள்ளே. கட்டு மெல்ல இறுகிச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். கல்சியத்தை எடுத்து அதற்கு ஈடாக மகனீசியத்தைக் கூட்டிய கரைசலில் அந்த மிச்சமும் குறைந்தால், குறைந்த பங்கு மாற்றியுடையது. அதிக நேரம் கல்சியமில்லாமல் வைத்தால் மென்சவ்வே ஓட்டையாகிவிடும், ஆகவே சில குழாய்களோடு நிறுத்துங்கள்.

கல்சியம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். சுவாலையில் அது காட்டும் செம்மஞ்சள் ஒளியில் ஒரு பங்கு, சோடியத்தின் 589 நனோமீற்றர் வடிகட்டியின் வழியாகவும் நுழைந்துவிடும். உங்கள் கரைசலில் லீற்றருக்கு 520 மில்லிகிராம் கல்சியம், தேடுவதோ 3 மில்லிகிராம் சோடியம். எனவே ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த நியமக் கரைசல்களைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல் அதே கோலின் கரைசலில் செய்யுங்கள். கல்சியமற்ற குழாய்களுக்கு வேறு நியமத் தொகுதி. ஒவ்வொரு சில அளவீடுகளுக்கும் இடையில் நீர் உறிஞ்சவிடுங்கள், கோலின் பாகு தெளிப்பானை அடைத்துவிடும்.

கதிரியக்க சோடியம்-22 இருந்தால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. தசை உறிஞ்சிய அயன் தானே அடையாளம் சொல்லும். அமெரிக்காவின் பசிபிக் கரையில் பாறைகளில் ஒட்டி வாழும் பெரிய கொட்டலசு ஒன்றின் தசைநார் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கும். அதற்குள்ளேயே நுண்ணூசியால் அந்த சோடியத்தைச் செலுத்தி வெளியேற்றத்தை அளந்தவர்கள் உண்டு. ஆனால் அரைவாழ்வு 2.6 ஆண்டு உள்ள பொருள் அது, இங்கே அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கைக்கு வருவதற்குள் இறுதியாண்டு ஆய்வு முடிந்து பட்டமளிப்பும் வந்துவிடும்.

எழுதும்போது

உள்ளும் வெளியும் உள்ள செறிவுகளிலிருந்து சமநிலை மின்னழுத்தத்தைக் காணும் நேர்ன்ஸ்ட் கணக்கில், 58 என்ற பெருக்கியைப் புத்தகத்திலிருந்து பிரதி பண்ணாதீர்கள். அது 20 பாகைக்கு. குளிரூட்டி இல்லாத கொழும்பு ஆய்வுகூடம் 28 பாகையில் இருக்கும், பெருக்கி ஏறத்தாழ 60. உள்ளே 44, வெளியே 440 என்றால் சோடியத்தின் சமநிலை மின்னழுத்தம் +60 மில்லிவோல்ட். நார் -70 இல் ஓய்ந்திருந்தால் சோடியத்தை உள்ளே தள்ளும் விசை 130 மில்லிவோல்ட். உள்ளே உள்ள எல்லாச் சோடியமும் சுதந்திரமாகக் கரைந்திருக்கிறது என்ற எடுகோளில் இந்த எண் நிற்கிறது. சோடியம் உணரும் நுண்மின்வாய்கள் உள்ளே காட்டும் அளவு, அமிலத்தில் கரைத்து அளப்பதைவிடக் குறைவு. ஆகவே உண்மையான விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

வெளியேற்றத்தைச் சதுர சென்ரிமீற்றருக்கு இவ்வளவு என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். நாரின் விட்டத்தை அளந்து உருளையின் பரப்பைக் கண்டுபிடித்து வகுத்துவிடுவார்கள். ஃபாட்டும் காட்ஸும் நண்டு நாரை அப்படி உருளையாகக் கொண்டு, மென்சவ்வின் பரப்போடு கூடும் மின்கொள்ளளவத்தைக் கணித்தபோது சதுர சென்ரிமீற்றருக்கு 40 மைக்குரோபரட் அளவில் வந்தது. மற்ற மென்சவ்வுகளில் அது ஏறத்தாழ 1 மைக்குரோபரட்தான். மடிந்து கிடக்கும் பரப்பு அவ்வளவு. ஒரு கிராம் ஈரத் தசைக்கு நிமிடத்துக்கு இத்தனை மைக்குரோமூல் என்று எழுதுங்கள், வெப்பநிலையையும் பக்கத்தில் போடுங்கள். வெறும் ஓட்டுத் துண்டின் அட்டவணையைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். பரீட்சகர் கேட்கும் முதல் கேள்விக்கு அங்கே பதில் இருக்கும்.